டேஷிங் கார் மோதலுக்கும் சி.வி. ராமனுக்கும் என்ன தொடர்பு? நோபலுக்கு முன் அவர் மோதவிட்ட பந்துகளின் கதை

பெங்களூருவில் வேலை பார்க்கும் உங்களுக்கு டேஷிங் காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டீம் அவுட்டிங் போன கேளிக்கைப் பூங்காவிலோ, ஏதாவது ஒரு மாலின் கேம் ஸோனிலோ ஒரு முறையாவது ஏறியிருப்பீங்க. மேனேஜர் உட்கார்ந்திருக்கும் காரைக் குறிவைத்து இடிப்பதில் ஒரு தனி சந்தோஷம்.

இடித்த அடுத்த நொடியில் உங்கள் கார் வேகம் குறைந்துவிடும். சும்மா நின்றிருந்த கார் நகர ஆரம்பிக்கும். ஆனால் மோதலுக்கு முன் இருந்த இயக்க ஆற்றலையும் பின்னால் இருப்பதையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். கொஞ்சம் ஆற்றல் எங்கேயோ போயிருக்கும். எங்கே போச்சு?

100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியைப் பரிசோதனைக் கூடத்தில் துருவித் துருவி ஆராய்ந்தவர்களில் ஒருவரின் பெயரில்தான் பெங்களூருவில் ஒரு நகரே இருக்கிறது: சி.வி. ராமன். ஒளி பற்றிய கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு வாங்கியவர் என்று பள்ளியில் படித்திருப்பீங்க. அந்தக் கண்டுபிடிப்புக்கு 10 ஆண்டுகளுக்கு முன்பு அவர் பந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அளந்துகொண்டிருந்தார் என்பது பலருக்கும் தெரியாது.

மோதும்போது என்னதான் நடக்கிறது?

முதலில் டேஷிங் கார் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்களையும் சேர்த்து உங்கள் கார் 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 7 கி.மீ. வேகத்தில் போய், அதே எடையில் நிற்கும் நண்பரின் காரை நேராக இடிக்கிறீர்கள்.

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீங்கள் அவர் காரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறீர்களோ, அதே விசையோடு அவர் கார் உங்களையும் தள்ளும். இடித்தவருக்கு ஒரு விசை, இடி வாங்கியவருக்கு வேறு விசை என்பதெல்லாம் கிடையாது. எடை வேறாக இருந்தாலும் விசை ஒன்றுதான். ஆனால் எடை குறைவான காரின் வேகம் அதிகமாக மாறும். குழந்தை தனியாக ஓட்டும் கார் ஒரே இடியில் தள்ளிப் போவது அதனால்தான்.

எடையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். தரையின் உராய்வை விட்டுவிட்டால், இரண்டு கார்களின் மொத்த உந்தம் மோதலுக்கு முன்னும் பின்னும் மாறாது. இயக்க ஆற்றல் அப்படி இல்லை. அது குறையலாம்.

எவ்வளவு குறையும்? ஒரு எல்லையில், இரண்டும் கொஞ்சமும் ஆற்றல் இழக்காமல் மோதினால் உங்கள் கார் அப்படியே நின்றுவிடும்; நண்பரின் கார் உங்கள் வேகத்தை முழுசாக எடுத்துக்கொண்டு ஓடும். கோலி விளையாட்டில் ஒரு குண்டு இன்னொன்றை நேராக அடித்ததும் அடித்தது நிற்க, அடி வாங்கியது ஓடுமே, கிட்டத்தட்ட அதுதான். இதற்குப் பெயர் மீட்சி மோதல். இன்னொரு எல்லையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து நகரும். அப்போது தொடக்கத்தில் இருந்த 520 ஜூல் ஆற்றலில் சரிபாதி, 260 ஜூல், இயக்கமாக இருக்காது.

நிஜ மோதல்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நடக்கும். எங்கே என்று சொல்ல ஒரு எண் இருக்கிறது: மீட்சியளிப்புக் குணகம். இரண்டும் நெருங்கி வந்த வேகத்தில் எவ்வளவு பங்கு வேகத்தோடு விலகிப் போகின்றன என்பதே அது. ஒட்டிக்கொண்டால் 0, ஒன்றும் இழக்காவிட்டால் 1. நம் உதாரணத்தில் அது 0.5 என்றால், உங்கள் கார் நொடிக்கு 0.5 மீட்டரிலும் நண்பரின் கார் 1.5 மீட்டரிலும் போகும். 520 ஜூலில் 325 மட்டும் இயக்கமாக மிஞ்சும். மீதி 195 ஜூல் ரப்பர் வளையம் அமுங்கி விரிவதில் சூடாகவும், 'டம்' என்ற சத்தமாகவும், உங்கள் உடம்பைக் குலுக்கிய ஆட்டமாகவும் போய்விட்டது.

அந்த ரப்பர் வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மோதல் நடக்கும் நேரத்தை அது நீட்டிக்கிறது. அதே வேக மாற்றம் கூடுதல் நேரத்தில் நடந்தால் விசை குறையும். சாலையில் ஓடும் கார்களின் முன்பகுதியை நசுங்கும்படி வடிவமைப்பதும், ஏர்பேக் வைப்பதும் இதே கணக்கில்தான்.

இனி ராமனிடம் வருவோம்.

ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7-ம் தேதி திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே போனது. 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். 18 வயதில், மாணவராக இருக்கும்போதே, லண்டனில் வெளியாகும் ஃபிலசாஃபிக்கல் மேகஸின் என்ற ஆய்விதழில் அவருடைய முதல் கட்டுரை வந்துவிட்டது.

இப்போது என்றால் அடுத்து பி.எச்டி. தான். அப்போது அதற்கு இங்கிலாந்து போக வேண்டும். அந்தக் குளிரை இவருடைய உடம்பு தாங்காது என்று அரசு மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தியாவிலேயே ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. அதனால் ராமன், அந்தக் காலத்துப் படித்த இளைஞர்கள் பலரும் ஆசைப்பட்ட ஒன்றைச் செய்தார். இந்திய நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம் பிடித்தார். 1907-ல் லோகசுந்தரியைத் திருமணம் செய்துகொண்டு, துணைக் கணக்காயர் வேலையில் கொல்கத்தா போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 18.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நல்ல சம்பளம், அரசு வேலை, பென்ஷன். ஆனால் கொல்கத்தாவில் வேலைக்குப் போய் வரும் வழியில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் தொடங்கிய அமைப்பு அது. கட்டடமும் கருவிகளும் இருந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. ராமன் உள்ளே போய்க் கேட்டார், சாவி கிடைத்தது.

அதற்கு அப்புறம் 10 ஆண்டுகள், நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போன காலம் தவிர, இதுதான் வாழ்க்கை: காலையில் ஆபீஸுக்கு முன் சோதனைச்சாலை, பகலில் கணக்கு வழக்கு, மாலையில் மறுபடியும் சோதனைச்சாலை. சைடு ப்ராஜெக்ட் என்று நாம் இன்று சொல்வதை அவர் 10 ஆண்டுகள் விடாமல் செய்தார். வயலின், வீணை, தம்புரா என்று இசைக்கருவிகளின் கம்பி அதிர்வுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இங்கிருந்துதான் வந்தன.

1917-ல் கொல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. சம்பளம், அரசு வேலையில் வாங்கியதைவிடக் கணிசமாகக் குறைவு. பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்று வர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. ராமன் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அசுதோஷ் முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்த, ராமன் அரசு வேலையை ராஜினாமா செய்தார்.

இரண்டு பந்துகள், ஒரு புகைப்படத் தகடு

வேலையை விட்ட அடுத்த ஆண்டு, 1918-ல், அமெரிக்காவின் ஃபிஸிக்கல் ரிவ்யூ ஆய்விதழில் ராமனின் ஒரு கட்டுரை வந்தது. மிக மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு பந்துகள் மோதினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

இதில் என்ன பெரிய சிக்கல் என்று கேட்கலாம். மேலே பார்த்த மீட்சியளிப்புக் குணகம், ஒரு பொருளுக்கு மாறாத எண் என்றே நியூட்டன் காலம் தொட்டுப் பாடங்களில் சொல்லப்பட்டு வந்தது. இரும்புக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, அவ்வளவுதான். ஆனால் வேகமாக மோதும்போது இந்த எண் குறைவது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்படியானால் மெதுவாக, இன்னும் மெதுவாக மோதினால்? அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்து அளப்பது கடினம். ராமன் பந்துகளின் நகர்வைப் புகைப்படத்தில் பதிவு செய்து, அதிலிருந்து முன்வேகத்தையும் பின்வேகத்தையும் கணக்கிட்டார்.

விடை தெளிவாக வந்தது. வேகம் குறையக் குறைய அந்த எண் 1-ஐ நெருங்குகிறது. அதாவது மெல்லத் தொட்டுக்கொள்ளும் இரண்டு உலோகப் பந்துகள் கிட்டத்தட்ட எதையும் இழப்பதில்லை. வேகமாக மோதும்போதுதான் தொடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிரந்தரப் பள்ளம் விழுகிறது. ஆற்றல் அங்கே செலவாகிறது. டேஷிங் காரின் ரப்பர் வேறு ரகம், மெதுவாக அமுக்கினாலும் கொஞ்சம் சூடாகிவிடும். ஆனாலும் மோதலின் இழப்பை ஒரே எண்ணில் அடக்கிவிட முடியாது, வேகத்தையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் எல்லா மோதலுக்கும் பொருந்தும்.

அதோடு அவர் நிற்கவில்லை. எஃகுப் பந்து விழுந்தால் கண்ணாடியில் எப்படி வட்டமாகத் தொடங்கிக் கூம்பாக உள்ளே விரிசல் போகிறது என்று 1919-ல் எழுதினார். கண்ணாடிப் பலகையில் பந்தைப் போட்டால் ஏன் தடித்த பலகையில் நன்றாக எழும்புகிறது, மெல்லிய பலகையில் எழும்புவதில்லை என்று 1920-ல் விளக்கினார்: மெல்லிய பலகை அதிர்ந்து அலையாக ஆற்றலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பியானோவின் சுத்தியல் கம்பியில் மோதுவதையும், மிருதங்கத்தின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சு எப்படி அதன் நாதத்தை இனிமையாக்குகிறது என்பதையும் அதே காலத்தில் ஆராய்ந்தார்.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மோதலில் காணாமல் போன ஆற்றல் வெறும் நஷ்டம் இல்லை. அது எங்கே போனது என்று கண்டுபிடித்தால், அடி வாங்கிய பொருளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். பள்ளம் விழுந்ததா, பலகை அதிர்ந்ததா, விரிசல் விட்டதா என்பதை அந்த இழப்பே சொல்லிவிடும்.

ஒளியும் மோதுமா?

1921-ல் ராமன் முதல் முறையாக இங்கிலாந்து போனார், ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்கள் மாநாட்டுக்கு. கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது என்பதுதான் அப்போதிருந்த விளக்கம். கையில் இருந்த சிறிய பட்டகத்தால் பிரதிபலிப்பை வடிகட்டிப் பார்த்தார், நீலம் போகவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த 7 ஆண்டுகள் அவருடைய குழு திரவங்களில் ஒளிச் சிதறலை ஆராய்ந்தது.

1923-லேயே குழுவில் இருந்த கே.ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சிதறி வரும் ஒளியில், உள்ளே அனுப்பாத நிறம் ஒன்று மிக மங்கலாகத் தெரிந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆர்தர் காம்ப்டன், எக்ஸ்-கதிர் ஒரு எலக்ட்ரானில் மோதும்போது ஒரு பந்து இன்னொரு பந்தில் மோதுவதுபோல ஆற்றலை இழக்கிறது என்று காட்டினார். 1927-ல் அதற்கு நோபல் கிடைத்தது. எக்ஸ்-கதிருக்கு நடப்பது சாதாரண ஒளிக்கும் நடக்குமா? மங்கலான அந்த நிறம் அழுக்கு இல்லை, மோதலில் ஆற்றல் இழந்த ஒளிதானா?

1928 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ராமனும், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் இதைச் சோதித்தார்கள். சூரிய ஒளியை லென்ஸால் குவித்து, நீல-ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். பார்க்கும் பக்கத்தில் நீல-ஊதாவை முழுதாகத் தடுக்கும் பச்சை-மஞ்சள் வடிகட்டி. நிறம் மாறாவிட்டால் ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது. பிப்ரவரி 28-ம் தேதி சிறிய நிறமாலைக் காட்டியால் அது உறுதியானது. அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

நடப்பது இதுதான். ஒளித்துகள் மூலக்கூறில் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் ஆற்றல் மாறாது. சுமார் ஒரு கோடியில் ஒன்று மட்டும், மூலக்கூறை அதிரவைத்துவிட்டு, அதற்குச் செலவான ஆற்றலை இழந்து வெளியே வருகிறது. ஒளிக்கு ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். நீல ஒளி பென்சீன் மூலக்கூறின் ஒரு முக்கிய அதிர்வைத் தூண்டிவிட்டால் இழப்பது சுமார் 4 சதவீதம். இதன் முழுக் கணக்குக்குக் குவாண்டம் இயற்பியல் வேண்டும். ஆனால் பந்துக்குக் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும்: காணாமல் போன ஆற்றல் எங்கே? ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு விதமாக அதிர்வதால், இழப்பின் அளவே அதன் கைரேகை ஆகிறது.

இந்தக் கண்டுபிடிப்பை ராமன் விரிவாக விளக்கிப் பேசிய ஊர் பெங்களூரு. 1928 மார்ச் 16-ம் தேதி தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் தொடக்க உரையாக அது அமைந்தது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் ஆகியோரும் அதே காலத்தில் குவார்ட்ஸ் படிகத்தில் இதைக் கண்டிருந்தார்கள். முதலில் வெளியிட்டது ராமன் குழு. 1930-ல் இயற்பியல் நோபல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பெங்களூருவில் வேறு வகை மோதல்கள்

1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக ராமன் பெங்களூரு வந்தார். இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1934-ல் இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய மாக்ஸ் பார்னை அழைத்துவந்து, நிரந்தரப் பதவி கொடுக்கப் போராடினார். நிர்வாகம் சம்மதிக்கவில்லை. இயற்பியலுக்கே எல்லாப் பணமும் போகிறது என்ற புகாரும் எழுந்தது. விசாரணைக் குழு வந்தது. 1937-ல் இயக்குநர் பதவியை விட வேண்டியதாயிற்று. பேராசிரியராக மட்டும் 1948 வரை நீடித்தார்.

ராமனே சுவராக நின்ற மோதலும் உண்டு. 1933-ல் பம்பாய் பல்கலைக்கழகப் பட்டதாரி கமலா பாக்வத் விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் ராமன் மறுத்தார். அவர் விடாமல் நேரில் வந்து நின்றார். ஓராண்டுக்கு முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் இடம் கிடைத்தது. கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பிறகு பெண்களுக்கு ராமன் கதவைத் திறந்தார். பின்னாளில் இந்திய வானிலைக் கருவிகளை உருவாக்கிய அன்னா மணி 1940-களில் அவருடைய ஆய்வகத்தில் வைரங்களை ஆராய்ந்தவர்தான். திறமையை மட்டும் பார்த்து ஒரு பூட்டிய ஆய்வகத்தின் சாவி தனக்குக் கொடுக்கப்பட்ட கதையை உடைய ஒருவர், இன்னொருவருக்கு அதை மறுத்தார் என்பதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

இன்று இதனால் என்ன பயன்?

ராமன் விளைவு இன்று ஒரு கருவியின் பெயர். மருந்துத் தொழிற்சாலையில் மூலப்பொருள் சரியானதா என்று பார்க்க, விமான நிலையத்தில் சந்தேகப் பொடியைத் திறக்காமலே சோதிக்க, வைரம் அசலா என்று அறிய ராமன் நிறமாலைமானிகள் பயன்படுகின்றன. 2021-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் ராமன் கருவிகள் இருக்கின்றன.

1918-ன் பந்துகளும் மறக்கப்படவில்லை. மணல், தானியம், சனிக் கோளின் வளையத்தில் மெல்ல மோதிக்கொள்ளும் பனித்துண்டுகள் போன்றவற்றைக் கணினியில் கணக்கிடும்போது, மோதல் இழப்பு வேகத்தைப் பொறுத்து மாறும் என்பதைச் சேர்த்தே ஆக வேண்டும். அந்தத் துறைக் கட்டுரைகளில் ராமனின் பெயர் இன்னும் வருகிறது.

கடைசி ஆண்டுகள்

1948-ல் ஓய்வு பெற்ற ராமன், மைசூர் மகாராஜா கொடுத்திருந்த நிலத்தில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1954-ல் ராஜாஜி, ராதாகிருஷ்ணன் ஆகியோருடன் முதல் பாரத ரத்னா விருதைப் பெற்றார். அரசுப் பணம் வந்தால் அறிக்கைகளும் கட்டுப்பாடுகளும் கூடவே வரும் என்று கருதி, தன் நிலையத்துக்கு அதை வாங்க மறுத்தார். வைரங்கள், பூக்களின் நிறம், மனிதக் கண் நிறத்தை உணரும் விதம் என்று கடைசி வரை தனக்குப் பிடித்த கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார்.

1970 நவம்பர் 21-ம் தேதி காலமானார். அவர் விருப்பப்படி ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் சமாதி எழுப்பவில்லை, ஒரு மரம்தான் நட்டார்கள். மேக்ரி சர்க்கிள் பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது, அந்தத் தோட்டம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.